கத்தரிப்பூ யாருக்குத் திறக்கும்?

பூவும் பூச்சியும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூவாத்தா என்பவளின் வீட்டுக் கொல்லையில் நீலாயி என்றொரு தேனீ இருந்தாள். வயிற்றைச் சுற்றி நீலநீலமாகக் கோடு போட்டவள். அவளுக்குக் கூடு கிடையாது, கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. கொல்லை மண்சுவரை வாயாலேயே குடைந்து ஏழு சின்ன அறைகள் செய்திருந்தாள். அறைக்கு ஒரு பிள்ளை. பூந்தூளைத் தேன் விட்டுப் பிசைந்து உருண்டையாக உள்ளே வைப்பாள். அதன்மேல் ஒரு முட்டை இட்டு, ஈரமண்ணைக் குழைத்துக் கதவை அடைப்பாள். ஆறு அறை அப்படி முடிந்துவிட்டது. ஏழாவது மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அது கடுங்கோடை. அவரை ஓய்ந்துவிட்டது, முருங்கை தன் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டது. மிஞ்சியிருந்த பூசணிப் பூக்களை மரப்பொந்துத் தேனீக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. நீலாயி ஓரமாகப் போய் நின்றாள்.

“எந்தக் கூடு நீ?” என்றது ஒரு காவல் தேனீ.

“கூடெல்லாம் இல்லைங்க. நான் தனி.”

“அப்ப தள்ளிப் போ. இதெல்லாம் எங்க ராணிக்கு.”

நீலாயி திரும்பினாள். இறகோரம் நைந்து நார்நாராகியிருந்தது. இன்னும் ரெண்டு நாள், மிஞ்சினால் மூணு நாள்தான் பறக்க முடியும் என்று அவளுக்கே தெரியும். எங்கே போவது என்று தெரியாமல் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் கத்தரிச்செடிக்குப் பூவாத்தா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “அரிசி கழுவின தண்ணியெல்லாம் உனக்குத்தான் ஊத்துறேன். பூ பூக்குற, ஒரு பிஞ்சு வைக்கமாட்டேங்குற. அடுத்த சந்தைக்குள்ள வைக்கலேன்னா பிடுங்கிட்டு வெண்டை போட்டுருவேன். சொல்லாம செஞ்சேன்னு அப்புறம் சொல்லாத.”

ஒரு காலத்தில் அந்தச் செடியும் மற்றச் செடிகளைப்போலப் பூந்தூளை வெளியே பரப்பித்தான் வைத்திருந்தது. பொந்துக் கூட்டம் வந்து வழித்துக்கொண்டு போகும். “பிஞ்சு பிடிக்க எனக்குக் கொஞ்சம் விட்டுவைங்க” என்று கேட்டதற்கு இதழையும் கிழித்துப் போட்டுப் போனார்கள். அன்றைக்கே கத்தரி தன் பூந்தூளை மஞ்சள் குழல்களுக்குள் அடைத்துப் பூட்டிக்கொண்டது. முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டது.

பூவாத்தா உள்ளே போனதும் நீலாயி மெல்லப் பறந்து போனாள்.

“அக்கா, ஒரு வாய்க்குத்தான்...”

“யாருக்கும் கிடையாது. உங்க ராணிகிட்ட போய்ச் சொல்லு.”

“எனக்கு ராணி இல்லக்கா. புள்ளைக்குத்தான் கேக்குறேன். கடைசிப் புள்ளை.”

“எங்க புள்ளை?”

“இன்னும் பொறக்கல.”

“பொறந்து பசின்னு அழட்டும். அப்ப வந்து கேளு.”

“அப்ப நான் இருக்கமாட்டேனே அக்கா.”

கத்தரிக்குப் புரியவில்லை. நீலாயி சொன்னாள்: “எங்க வழக்கம் அப்படி. புள்ளைங்க கண்ணு முழிக்கும்போது அம்மா உயிரோட இருக்கமாட்டா. அதுங்க முகத்தை நான் பாத்ததில்ல, பாக்கவும் போறதில்ல. வச்சிட்டுப் போற சோறு ஒண்ணுதான் அதுங்களுக்கு நான். ஆறு பேருக்கு வச்சிட்டேன். ஏழாவதுக்கு வெறும் வீட்டையா விட்டுட்டுப் போறது?”

அதைக் கேட்டதும் கத்தரியின் குரல் மாறியது.

“வா தாயி, எடுத்துக்கோ” என்றது. ஆனால் குழல்கள் திறக்கவில்லை. முக்கிப் பார்த்தது, முனகிப் பார்த்தது. “ஐயோ, பூட்டத் தெரிஞ்ச எனக்குத் திறக்கத் தெரியலையே. இத்தனை நாள் இறுக்கிவச்சு இறுகியே போச்சே!”

நீலாயி வந்து பூவை ஆறு கால்களாலும் அணைத்துக்கொண்டாள். கேட்ட இடமெல்லாம் இல்லை என்றபோது வராத அழுகை, இருந்தும் கொடுக்க முடியவில்லையே என்று ஒருத்தி தவிக்கும்போது வந்துவிட்டது. இறகை மடக்கிக்கொண்டு, நெஞ்சைப் பூவோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். உடம்பெல்லாம் நடுங்கியது. ம்ம்ம்... என்று ஒரு விம்மல் அவளிடமிருந்து எழுந்து பூவுக்குள் இறங்கியது. பூ நடுங்கியது, காம்பு நடுங்கியது. குழல் நுனியில் ஊசிக்கண் அளவுக்கு ஒரு துளை விழுந்தது. மஞ்சள் பொடி தூவினாற்போலப் பூந்தூள் அவள் நெஞ்சில் உதிர்ந்தது. கொஞ்சம், பிஞ்சு பிடிக்கவைக்கும் பூவின் சூல்முடியிலும் ஒட்டிக்கொண்டது.

“போதுமா தாயி?”

“போதும்க்கா. வயிறு நிறைஞ்சு தூங்கும்.”

அன்று மாலை ஏழாவது கதவையும் நீலாயி அடைத்தாள். ஈரமண்ணைத் தடவித் தடவி வழவழப்பாக்கினாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சந்தைக்கு முந்தின நாள் பூவாத்தா களைக்கொத்தோடு வந்தாள். பிடுங்கக் குனிந்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாடிய இதழுக்குள்ளிருந்து சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு எட்டிப் பார்த்தது.

“அடி என் ராசாத்தி” என்று அதன் காம்பைத் தொட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒரு காலையில் மண்சுவரின் ஏழாவது கதவு உள்ளிருந்து உடைந்தது. நீலக்கோடு போட்ட ஒரு குட்டித் தேனீ வெளியே வந்து வெயிலில் இறகு உலர்த்தினாள். அவளுக்கு அம்மா இல்லை, வழி சொல்ல ஆளில்லை. தின்று வளர்ந்த சோற்றின் மணம் மட்டும் அவளுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நேரே கத்தரிப்பூவுக்குப் போனாள். ஆறு கால்களாலும் அணைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நெஞ்சு நடுங்க, ம்ம்ம்... என்றாள்.

கத்தரி ஒன்றும் கேட்கவில்லை. திறந்துகொண்டது.

அன்று முதல்தான் கத்தரிப்பூ, குழலுக்குள் பூட்டிய பூந்தூளோடு தலைகுனிந்து காத்திருக்கிறது. எத்தனை பெரிய கூட்டம் சுற்றி வந்தாலும் அசைந்துகொடுக்காமல், தனியாக வந்து கட்டிக்கொண்டு விம்முகிறவளுக்கு மட்டும் மடி நிறையக் கொடுத்தனுப்புகிறது.