மருதியின் வட்டிலில் ஒரு முள்ளளவு

மரமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டு வழக்காடிய அந்தக் காலத்தில், உறக்கம் கண்ணுக்குள் குடியிருக்கவில்லை. வாசலில் வைத்த பானைத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

பிறக்கும் ஒவ்வொருவருக்கும் கதிரவன் ஒரு வட்டில் கொடுப்பான். காய்ந்த விளாம்பழ ஓட்டில் பாதிதான் அது. அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பகல் முழுவதும் அத்துளை வழியே நீர் ஏறும். முன்னிரவில் வட்டில் நிறைந்து மூழ்கியதும் அதற்கு உரியவர் உறங்கிவிடுவார். இரவு முழுவதும் நீர் வடிந்து, காலையில் வட்டில் மேலே வந்ததும் விழித்துக்கொள்வார். ஆணுக்கும் பெண்ணுக்கும் துளை ஒரே அளவு. ஆகவே, ஊரே ஒரே நொடியில் உறங்கியது. ஒரே நொடியில் எழுந்தது. வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நிற்க, ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

மூங்கிற்கணவாய் என்னும் மலைச்சிற்றூரில் மருதியும் அவள் கணவன் வெள்ளிங்கனும் தினை விளைவித்தார்கள். விளைவித்தவர்கள் அவர்கள், தின்றவர்கள் வேறு. ஊர் உறங்கியதும் காட்டுப்பன்றிகள் வந்து ஒரு நாழிகை மேய்ந்தன. அதற்குமேல் புலி உலாவும் நேரமாகையால் புதருக்குள் ஒடுங்கிவிட்டன. ஊர் எழுவதற்கு ஒரு நாழிகை முன்னே கிளிகள் வந்து மிச்சத்தைக் கொறித்தன. இரண்டு ஆண்டு விளைச்சல் இப்படியே போயிற்று. மூன்றாம் ஆண்டு, எஞ்சியிருந்த கடைசி விதையை விதைத்தார்கள். அதுவும் போனால் மலையை விட்டு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கதிர்கள் முற்றித் தலைசாய்ந்த நாளில் ஒரு கிளி கூரைமேல் வந்து அமர்ந்தது.

“மருதி அக்கா, சென்ற ஆண்டுத் தினை சற்றே கசந்தது. இந்த ஆண்டு எப்படியென்று நாளை விடியலில் சுவைத்துப் பார்த்துச் சொல்கிறோம். நீ எழுந்திருக்க வேண்டாம், நன்றாகத் தூங்கு!”

மருதி எறிந்த கரண்டி கூரையில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தது. கிளி சிரித்துக்கொண்டே பறந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவளால் பொறுக்க முடியாததாயிற்று. பானையிலிருந்த தன் வட்டிலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு அவள் பட்டமரத்தை நோக்கி நடந்தாள். அங்கேதான், கதிரவன் ஆணைப்படி எல்லா வட்டிலுக்கும் துளையிடும் மரங்கொத்தி குடியிருந்தது.

“அண்ணா, இந்தத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தா.”

மரங்கொத்திக்குக் கொண்டைச் சிறகெல்லாம் சிலிர்த்தது. “நான் போட்ட துளையிலா குறை கண்டாய்?”

“துளையில் குறை இல்லை, என் தூக்கத்தில்தான் குறை. கிளிகளுக்கு முன்னே நான் எழவேண்டும்.”

“கேட்டுக்கொள். துளை பெரிதானால் நீர் விரைந்து வடியும், முன்னே எழுவாய். ஆனால், நீர் விரைந்து ஏறவும் செய்யும், முன்னே சாய்வாய். காலையில் கிடைப்பதை மாலையில் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க என் அலகால் ஆகாது.”

மருதி யோசித்தாள். தான் முன்னே சாய்ந்தால் பன்றிகளுக்குக் கொண்டாட்டம் ஆயிற்றே! சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. சிறிதாக்க அலகு எதற்கு? வீட்டில் தேன்மெழுகு இருக்கிறது; கணவனுக்கும் ஒரு வட்டில் இருக்கிறது.

“ஒரு முள்ளளவு பெரிதாக்கு, அண்ணா. வருவது வரட்டும்.”

‘டொக்’ என்று ஒரே கொத்து. வேலை முடிந்தது.

வீட்டில் வெள்ளிங்கன் பதறிப்போனான். “என் வட்டிலில் மெழுகா? கதிரவன் சுட்டெரித்துவிடுவானே! கேட்டால் என்னடி சொல்வது?”

“மருதி வைத்தாள் என்று சொல், மாமா.”

“அப்படியென்றால் சரி” என்றான் அவன். பிறகு, வட்டிலை அவள் பக்கம் மெல்லத் தள்ளி, “இன்னும் கொஞ்சம் வையேன். என் கரடிக் கதையை ஒருநாளாவது முழுதாகச் சொல்லலாம்” என்றான்.

அன்று மாலை அவன் கதையைத் தொடங்கினான். கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது, மருதி சாய்ந்தாள்.

அவள் கண் விழித்தபோது, இதுவரை கண்டிராத ஒரு பொழுது வாசலில் நின்றது. இருளும் இல்லை, ஒளியும் இல்லை. பனி விழும் ஓசைகூடக் கேட்டது. ஊர் முழுவதும் குறட்டை. அவள் கணவனுடையது எல்லாவற்றிலும் பெரிது. அவன் கையில், தட்டி ஓசையெழுப்பிப் பன்றிகளை விரட்டும் மூங்கில் தட்டை இருந்தது. வாசலுக்கு எதிரே தினைப்புனத்து ஓரத்தில் பன்றிகள் வந்த வழியே திரும்பி ஓடிய குளம்படிகள் இருந்தன. ஒரு கதிர்கூட மிதிபடவில்லை. உறங்குகிறவனின் தலையை ஒருமுறை கோதிவிட்டு அவள் புனத்துக்குள் ஓடினாள்.

வேலியில் இருந்த கரிச்சான் பாட்டை நிறுத்தியது. “யார் அது? மனிதரா? இந்த நேரத்திலா?”

“நீ பாடு. நான்தான் கேட்கிறேனே!” என்றாள் மருதி. அவளுக்கே சிரிப்பு வந்தது. யாரும் அழைக்காத, எதையும் கேட்காத ஒரு நாழிகை! அவள் கையில் கவணும் மடிநிறையக் கற்களுமாகப் பாறைமேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பச்சைக் கூட்டம் வந்து இறங்கியது.

“வாருங்கள், விருந்தினரே! சுவை எப்படியென்று சொல்ல வந்தீர்களா?”

முன்னே வந்த கிளிக்கு அலகு திறந்தபடியே நின்றுவிட்டது. “இது அநியாயம்! நீ தூங்கும் நேரம் இது!” என்று அது கத்தியது. கவணிலிருந்து முதற்கல் பறந்தது. கூட்டம் மூன்று மலை தாண்டித்தான் மூச்சு விட்டது.

அப்போது கதிரவன் எழுந்தான். தனக்கு முன்னே எழுந்து நிற்கும் பெண்ணைக் கண்டு திகைத்தான். “என் வட்டிலைத் தொட்டது யார்?”

மருதி கவணைக் கீழே வைத்தாள். நகர்ந்து நின்று புனத்தைக் காட்டினாள். “நான்தான். பாருங்கள், சாமி. மூன்று ஆண்டில் நீங்கள் முழுதாய்ப் பார்க்கும் முதல் விளைச்சல்.”

கதிரவன் பார்த்தான். பொன்னிறக் கதிர்கள் அவன் ஒளியில் அசைந்தன. அவன் கோபம் அங்கேயே உதிர்ந்தது.

“செய்தது தவறு, விளைந்தது நன்று. ஆனால், இன்று நீ துளையைப் பெரிதாக்குவாய், நாளை ஒருத்தன் துளையையே அடைத்து ஆண்டு முழுவதும் விழித்திருப்பான். ஆகவே, இன்று பொழுது சாயும்வரை தவணை தருகிறேன். விரும்பியவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ளட்டும். அதன்பின் வட்டிலை எல்லாம் உடம்புக்குள் வைத்துவிடுவேன். நாள்தோறும் என் ஒளி பட்டு அது நேரம் தவறாமல் ஓடும்.”

செய்தி பரவியது. பட்டமரத்தடியில் திருவிழாக் கூட்டம். பெண்களில் பெரும்பாலோர், “மருதிக்குப் போட்டது போலவே ஒரு முள்ளளவு” என்றார்கள். ஆண்களில் பெரும்பாலோர் மெழுகுக்குக் கை நீட்டினார்கள். மாறிக் கேட்ட பெண்களும் ஆண்களும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கும் கேட்டபடியே கிடைத்தது. மரங்கொத்திக்குத்தான் கழுத்து வலித்தது.

அன்றைய பொழுது சாய்ந்தது முதல்தான் பெண்களில் பலருக்குக் கண் சற்று முன்னே செருகிச் சற்று முன்னே மலர்கிறது. ஆண்களில் பலருக்கு இரண்டும் சற்றுப் பிந்துகின்றன. இரவில் ஒன்றும் விடியலில் ஒன்றுமாக இடைப்பட்ட அந்த இரண்டு நாழிகையிலும் வீட்டில் யாராவது ஒருவர் விழித்தே இருக்கிறார்.