நாலே முக்கால் மணி நேரம்

நான் பிரசவ வார்டு நர்ஸ். அற்புதம் டாக்டருக்குக் கோபம் வந்தால் திட்ட மாட்டார், வேலை கொடுப்பார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

முனீஸ்வரி வயிற்றில் இருந்த குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடாமல் திறந்திருந்தது. இருபத்தைந்தாவது வாரத்தில் டாக்டர் கர்ப்பப்பையைத் திறந்து, உள்ளே இருந்த குழந்தையின் முதுகைத் தைத்து, பையை மறுபடி மூடினார். குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்பதால் முனீஸ்வரியை வீட்டுக்கு அனுப்பவில்லை.

ஏழாம் மாதம் தொடங்கியதுமே அவளுடைய அம்மா காளியம்மாள் வந்து நின்றார். சாயல்குடிக்குப் பக்கத்தில் ஊர். வளைகாப்புக்கு மகளை அழைத்துப் போக வேண்டுமாம்.

டாக்டரிடம் பயிற்சிக்கு வந்திருந்த நிலவழகன் மனசு இளகி, மூன்று நாள் போய்வரச் சீட்டு எழுதிவிட்டார். அதை அற்புதம் டாக்டர் பார்த்தார்.

"தையல் நல்லா ஆறிடுச்சு மேடம்."

"வயித்துல போட்டது ஆறிடுச்சு. கர்ப்பப்பையில போட்டது?"

"ஸ்கேன்ல நல்லாத்தான் இருக்கு. பனிக்குடம் முன்னாடியே உடையலாம், வலி சீக்கிரம் வரலாம்னு எல்லாம் சொல்லிட்டேன். கையெழுத்தும் வாங்கியாச்சு. இன்னும் எவ்வளவுதான் பயப்படுறது மேடம்?"

"தெரியலையே. நாளைக்கு நீ அந்த ஊருக்குப் போ. பஸ்ல போ. போய் இறங்கினதும், அவளுக்கு வலி கண்டிருச்சுன்னு வச்சுக்கிட்டு, இங்கே வந்து சேரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிலவழகன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தலையெல்லாம் புழுதியாக வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஊர்ல ஒரே ஒரு கார் சிஸ்டர். அதுவும் கல்யாணத்துக்குப் போயிருச்சு. மெயின் ரோடு வரைக்கும் கரி மூட்டை ஏத்துன வண்டியில வந்தேன். அப்புறம் பஸ். வழியில ரயில்வே கேட் வேற."

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் டாக்டர்.

"நாலே முக்கால் மணி நேரம் மேடம்."

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். நிலவழகன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காளியம்மாளிடம் போனார்.

"சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாச்சு சார். மூஞ்சியில காறித் துப்புவாக."

"என் பேரைச் சொல்லுங்கம்மா, என் மேல துப்பட்டும். அங்கே வலி வந்தா கர்ப்பப்பைத் தையல் விட்டுப்போகும். தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. எந்த வலியும் இல்லாத என்னாலேயே வந்து சேர முடியலையேம்மா!"

காளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த வெள்ளிக்கிழமை வார்டிலேயே வளைகாப்பு நடந்தது. ஐந்து வகைச் சோறும் வந்தது. புளிச்சோற்றில் உப்பு தூக்கல். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை.

முப்பத்தொன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முனீஸ்வரிக்குப் பனிக்குடம் உடைந்தது. இருபது நிமிஷத்தில் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டோம். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. பூனைக்குட்டி மாதிரி கத்தியது. அடுத்த அறையில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. தாய்க்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் நிலவழகன் அழுதேவிட்டார்.

"இவ்வளவு பார்த்தும் ஒன்பது வாரம் முன்னாடியே பிறந்திருச்சே மேடம். நாம எதைத் தடுத்தோம்?"

அற்புதம் டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார்.

"பொறக்கிறதை யாரால தடுக்க முடியும்? எங்கே பொறந்திருக்குன்னு பாரு."