பாதிப் பாட்டு

பொன்மலையில் ஒரு குரு இருந்தார். பெயர் டெல்ஃபின். வயது முப்பது. டயர்க் கடைக்கு மேலே இருந்த ஓர் அறையில் கிடார் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அவரிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் சவரிமுத்து. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை மறக்காத மனிதர். சில்லறை இல்லாமல் பெரிய நோட்டை நீட்டியவர்களின் முகம்கூட அவருக்கு இன்னும் நினைவில் இருந்தது.

"கிடார் எதுக்கு அங்கிள்?" என்று குரு கேட்டார்.

"ஒருத்தன் கொட்டத்தை அடக்கணும், மிஸ்."

"யாரு?"

"என் மச்சினன்."

மச்சினன் பெயர் ஸ்தனிஸ்லாஸ். குடும்பத்தில் என்ன விசேஷம் என்றாலும் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ராக் பாட்டு. ஞானஸ்நானத்துக்கும் அதுதான், வீடு குடிபோவதற்கும் அதுதான். சவரிமுத்துவின் மகள் கல்யாண வரவேற்பிலும் அதையேதான் வாசித்தான்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் சவரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் பாட்டை நிறுத்தினான். மைக்கிலேயே சொன்னான்.

"மாமா, நீங்க தட்டாதீங்க. தாளம் தப்புது."

மண்டபமே சிரித்தது. சம்பந்தி சிரித்தார். பிரியாணியில் கறியைத் தேட வைத்த சமையல்காரன்கூட வாசலில் நின்று சிரித்தான்.

அதற்குப் பிறகு சவரிமுத்து எதற்கும் கைதட்டியதில்லை. கோயிலில் எல்லோரும் தட்டிப் பாடும்போது இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பேத்தி கேக் வெட்டியபோதும் அப்படியே நின்றார். பேத்தி ஒரு மாதிரி பார்த்தாள். அந்தக் கணக்கையும் ஸ்தனிஸ்லாஸ் தலையிலேயே எழுதினார்.

"டிசம்பர்ல அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம், மிஸ். அவன் மேடை ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறணும். அவன் பாட்டை அவனைவிட நல்லா வாசிச்சுட்டு இறங்கணும். அவன் கிடாரை உறையை விட்டே எடுக்கக் கூடாது."

குரு சிரிக்கவில்லை. "முதல்ல கிடார் வாங்குவோம்" என்றார்.

கடைக்கு இருவரும் போனார்கள். சவரிமுத்து சுவரில் தொங்கிய கிடார்களை வரிசையாகப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைத் தேடும் பார்வை அது.

"இதுல எது ரொம்பச் சத்தமாக் கேக்கும்?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "நிறம் கறுப்பா இருக்கணும். மச்சினனுடையது பழுப்பு."

குரு ஓரத்திலிருந்த ஒரு கிடாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். அது பெரியதும் இல்லை, கறுப்பும் இல்லை.

"கட்டிப்பிடிச்சுப் பாருங்க அங்கிள்."

"சண்டைக்குப் போறவன் கட்டிப்பிடிக்கிறதா?"

"கிடாரை வேற மாதிரி பிடிக்க முடியாது."

அதையே வாங்கினார்கள்.

மறுநாள் சவரிமுத்து செல்போனில் மூன்று ராக் பாட்டுகளோடு வந்தார். முதல் பாட்டைப் போட்டார். தலைமுடியைப் பின்னாமல் விட்ட ஒரு வெள்ளைக்காரன், வாலை யாரோ மிதித்ததுபோலக் கத்தினான்.

"ஏன் இந்தப் பாட்டு?"

"டெப்போ மேனேஜருக்கு. நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு எனக்குப் போட வேண்டிய மாலையைக் கூட வந்தவனுக்குப் போட்டுட்டான்."

இரண்டாவது பாட்டில் டிரம் சத்தத்தில் மேஜை அதிர்ந்தது.

"இது?"

"எதிர் வீட்டுக்காரனுக்கு. மத்தியானம் நான் கண்ணசரும் நேரம் பார்த்துத்தான் மிக்ஸி போடுவான்."

குரு இரண்டையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "இந்தப் பாட்டுல இருக்கிற கோபத்துக்குக் கரண்ட் வேணும் அங்கிள். உங்க கிடார்ல பிளக் இல்ல."

சவரிமுத்து கிடாரைத் திருப்பிப் பார்த்தார். இல்லைதான்.

"அப்ப மூணாவது பாட்டு? அதுதான் மச்சினன் பாட்டு. அதை அவன் இதே மாதிரி மரக் கிடார்லதான் வாசிக்கிறான்."

"அதை வாசிக்கலாம்" என்றார் குரு.

பாடம் தொடங்கியது. விரல் நுனியெல்லாம் சிவந்து கன்றிப்போனது. சவரிமுத்து அதைப் பொருட்படுத்தவில்லை. கம்பியை ஸ்தனிஸ்லாஸின் கழுத்தாக நினைத்து அழுத்தினார். அழுத்திய வேகத்தில் சுருதி விலகியது.

"மெதுவாத் தொட்டாலே பேசும்" என்றார் குரு.

இடது கை ஒருவழியாக வசப்பட்டது. வலது கை ஓட்டம் பிடித்தது. மேலும் கீழுமாக மீட்டும்போது வரவர வேகம் கூடிக்கொண்டே போனது.

"யாரைத் துரத்துறீங்க அங்கிள்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"காலால தட்டிக்கிட்டே வாசிங்க. கால் தனியா ஓடாது."

அப்படியே செய்தார். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பாட்டின் முதலிலிருந்து கடைசி வரை கை பிசகாமல் வந்துவிட்டது. குரு தலையாட்டினார். சவரிமுத்து நேரே வீட்டுக்குப் போய், மனைவி சகாயமேரியை உட்கார வைத்து, வாசித்துக் காட்டினார்.

சகாயமேரி ஸ்தனிஸ்லாஸின் அக்கா. அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். கன்னத்தில் கைவைத்துக் கடைசி வரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நேரமா வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்கீங்களே, எப்ப கிளப்புவீங்க?"

"வாசிச்சு முடிச்சாச்சுடி."

"இதுல பாட்டு எங்க? தம்பி வாசிக்கும்போது பாட்டு வருமே."

சவரிமுத்து யோசித்தார். வண்டிச் சத்தம்தான் இருந்தது. வண்டியில் ஆளில்லை. கிடாரை உறையில்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு டயர்க் கடை மாடியேறினார்.

"மிஸ், நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாதிப் பாட்டு."

"ஆமாம் அங்கிள்."

"என்ன ஆமாம்? நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. நான் இதை வாசிச்சா மாவு மில் ஓடுதுன்னு நினைப்பாங்க. திரும்பவும் மண்டபமே சிரிக்கணுமா?"

குரு தன் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கத்துக்கிட்டதை வாசிங்க. நடுவுல என்ன நடந்தாலும் கையை விட்டுடாதீங்க."

சவரிமுத்து கோபத்தோடுதான் ஆரம்பித்தார். கால் தட்டியது. கை மேலும் கீழும் போனது. நாலு சுற்று முடிந்ததும் குருவின் கிடாரிலிருந்து ஒரு மெட்டு கிளம்பி இவருடைய தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் வாசிக்கும் அதே மெட்டு. ஆனால் அவன் வாசிக்கும்போது அது இப்படி இருந்ததில்லை. தனியாக, எலும்பும் தோலுமாக இருக்கும். இப்போது அதற்குச் சதை பிடித்திருந்தது. கீழே டயர்க் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

பாட்டு முடிந்தது. சவரிமுத்து மூச்சு வாங்கினார்.

"தாளம் தப்பலையே, மிஸ்?"

"தப்பியிருந்தா நான் கீழ விழுந்திருப்பேன். நீங்க ரோடு போட்டீங்க, நான் வண்டி ஓட்டினேன்."

சவரிமுத்து கிடாரைத் தடவினார். "அந்த மேல் பாதியையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திடுங்க."

"ரெண்டையும் ஒரே ஆள் வாசிக்க முடியாது அங்கிள். இது ரெண்டு கிடார் பாட்டு."

"அப்ப அன்னைக்கு நீங்களே வந்து அதை வாசிச்சிடுங்க."

"நான் எதுக்கு? அந்தப் பாதி உங்க மச்சினன்கிட்ட இருக்கு. பாவம், இத்தனை வருஷமா அதைத் தனியாவே வாசிச்சுக்கிட்டு இருக்கார்."

சவரிமுத்து கிடாரை மடியிலிருந்து இறக்கிவைத்தார். கீழே சுத்தியல் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது.

"அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொந்தபந்தம் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "எதிர்ல உட்கார்ந்து அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படி மிஸ் வாசிக்கிறது?"

குரு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் அங்கிள். கூட வாசிக்கிறவங்க அதைப் பார்க்கிறதே இல்ல. அவர் காலைப் பாருங்க. தாளம் அங்கதான் இருக்கும்."