பதினோராவது எடை

"பதினோரு தடவை எடை போட்டாச்சு சார். இப்பவாவது கையெழுத்துப் போடுவீங்களா?"

முத்தரசி ஆய்வேட்டை மேசையில் வைத்தாள். ஏழு வருஷ உழைப்பு. பேராசிரியர் அருளானந்தத்தின் கையெழுத்து விழுந்தால் முனைவர் பட்டம். அடுத்த வாரம் கெடு முடிகிறது.

அவள் எடை போட்டது, பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் கிடக்கும் ராட்சதக் கருந்துளையை. அது கண்ணுக்கே தெரியாது. அதைச் சுற்றி ஓடும் வாயுவின் வேகத்தைப் பிடித்து, இந்த ஓட்டம் ஓட வைக்க நடுவில் எத்தனை சூரியன் கனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்.

"எவ்வளவு வந்துச்சு?"

"முந்நூறு கோடி சூரியன். இருபது வருஷத்துக்கு முன்னாடி நீங்க போட்ட அதே எடை சார்!"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"முதல் பத்து தடவை?"

"அதை விடுங்க சார். எல்லாம் தப்பு. நூத்தம்பது, நூத்தறுபதுன்னு பாதியிலயே நின்னு கழுத்தறுத்துச்சு."

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க எடை வரலையே!"

"அப்புறம்?"

"ஒவ்வொரு தடவையும் தப்பைத் தேடினேன். தட்டு மாதிரி சுத்துற அந்த வாயுவோட சாய்வை மாத்தினேன். தூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். விடுவேனா?"

"பதினோராவதுல தேடினியா?"

"அதுல எதுக்கு சார் தேடணும்? அதுதான் சரியா..."

வாய் அப்படியே நின்றது.

வெளியே தொலைநோக்கிக் கூண்டின் மேல் குரங்கு ஒன்று தடதடவென்று ஓடியது.

"திரும்ப முதல்லேருந்து பார்த்தா எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருஷம்."

"பார்க்கிறியா?"

ரெண்டு வருஷம். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை இப்போதே போனில் அவளை ஆன்ட்டி என்கிறது.

முத்தரசி ஏட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போடுங்க சார்."

அவர் பேனாவைத் திறந்தார். போட்டார்.

ஏட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"உங்களுக்கு முதல் தடவையே முந்நூறு வந்துச்சா சார்?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது என் வாத்தியார் போட்ட எடைம்மா. எனக்குப் பதினாலாவதுலதான் வந்துச்சு."