ராஜா கையில் துள்ளிய தவளை

செண்பகநாட்டு அரண்மனையில் ஆவுடைநாயகம் என்று ஒரு விகடகவி இருந்தார். தொந்தி பெரிசு, தைரியம் சிறிசு. இதை நான் சொல்லவில்லை, அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். "எனக்குப் புத்தி உண்டய்யா. ஆனால் பயம் வந்து உலுக்கினால்தான் அது கண் விழிக்கும்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் ராஜா சண்டமாறருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மருதப்ப வைத்தியரை அழைத்து வந்தார்கள். நாடிக்கு நடை உண்டு என்பது வைத்தியர்கள் கணக்கு. வாதம் மிஞ்சினால் அன்னம் மாதிரி நடக்கும், பித்தம் மிஞ்சினால் ஆமை மாதிரி ஊரும், கபம் கட்டினால் தவளை மாதிரித் துள்ளும். மருதப்பர் ராஜாவின் மணிக்கட்டில் விரல் வைத்தார். கண்ணை மூடினார். விரலுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"தவளை துள்ளுது மகாராஜா."

"என்னது? என் கையிலா? தவளையா?"

அவ்வளவுதான். "இவனைச் சிறையில் போடுங்கள். என் காய்ச்சல் இறங்கிய அன்றைக்கு இவன் தலையும் இறங்கும்!" என்றார் ராஜா. பிறகு ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். என் நாடிக்குத் தகுந்த பெயர் எது?"

மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாக்கில் சனி!

"சிங்க நாடி மகாராஜா! காட்டையே அதட்டும் சிங்க நடை!"

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலை பறந்து வந்து விழுந்தது. மாலை விழுந்த குஷியில் ஆவுடைநாயகம் மற்றதற்கும் பெயர் வைத்தார். காய்ச்சலுக்குப் 'பிரதாபம்', இருமலுக்குக் 'கர்ஜனை'. இனி அரண்மனையில் எவனும் பழைய பெயரைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டாயிற்று.

அப்புறம் கூத்தைக் கேளுங்கள். தினமும் காலையில் கோட்டை வாசலில் முரசறைவார்கள். "மகாராஜாவின் பிரதாபம் ஓங்கியது! விடிய விடியக் கர்ஜித்தார்!" ஜனங்கள் சந்தோஷப்பட்டு வெடி கொளுத்துவார்கள். உள்ளே ராஜா சுருண்டு கிடப்பார். தவளை நாடிக்கு ஏட்டில் மருந்து இருக்கிறது, சிங்க நாடிக்கு எந்த ஏட்டிலும் இல்லையே! அரண்மனை வைத்தியர்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று பன்னீர் தெளித்தார்கள்.

ஒரு நாள் ஆவுடைநாயகம் ராஜாவைப் பார்க்கப் போனார். கண் குழிக்குள் போயிருந்தது. நெஞ்சு களகளவென்றது. ஒரு வார்த்தை பேசினால் மறு வார்த்தைக்கு மூச்சு இல்லை. ஆவுடைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். 'அடப்பாவி! இந்த மனுஷன் சாகப்போகிறார். சிறையில் இருக்கிறவரையும் சும்மா விடமாட்டார்கள். எல்லாம் நீ வைத்த பெயரால்!' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மடைப்பள்ளியில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே வடையும் தின்றார், பழக்கம் விடவில்லை. பயம் வந்து உலுக்கியதும் புத்தி கண் விழித்தது.

மறுநாள் அவர் ராஜாவின் அறைக்குள் நுழைந்தபோது பின்னாலேயே ஒரு முரட்டு ஆள் வந்தான். தோளில் சங்கிலி, கையில் பச்சை ஆட்டுத்தொடை.

"யாரய்யா... இவன்?" ராஜாவுக்கு மூச்சு வாங்கியது.

"சிங்கக் கூண்டுக் காவலன் பேச்சிமுத்து, மகாராஜா. நாடி சிங்கத்துடையது என்றால் வைத்தியமும் சிங்க வைத்தியந்தானே முறை? பேச்சிமுத்து, சிங்கத்துக்குச் சளி பிடித்தால் என்ன செய்வாய்?"

பேச்சிமுத்து வெள்ளந்தி. கேட்டதற்குப் பதில் சொன்னான். "மொதல்ல சங்கிலி போட்டுக் கூண்டுல அடைப்போம் சாமி. பச்சைக்கறி போடுவோம். திங்கலைன்னா ஆளுங்க மேல ஏறி அமுக்கிக்குவாங்க. வாயைப் பொளந்து மூங்கில் குழாய்ல வேப்பெண்ணெய ஊத்துவோம்."

"அதற்கும் கேட்காவிட்டால்?"

"வாலுக்கு அடியில சூடு போடுவோம்."

"மகாராஜாவுக்கு வால் கிடையாதே அப்பா!"

பேச்சிமுத்து ராஜாவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். "அதனால என்ன சாமி, உத்தேசமாப் போட்டுரலாம்."

ராஜா படுக்கையில் துள்ளி எழுந்தார். எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "தவளை! என் கையில் இருக்கிறது தவளைதான்! சுத்தமான தவளை! மருதப்பனைக் கூட்டி வாருங்கள்! இவனை வெளியே தள்ளுங்கள்!"

சிறையிலிருந்து மருதப்பர் ஓடி வந்தார். மறுபடி மணிக்கட்டில் விரல் வைத்தார். சொல்லத் தயங்கினார்.

"பயப்படாமல் சொல்லும்" என்றார் ராஜா.

"தவளைதான் மகாராஜா."

ராஜா மறுபடி படுக்கையில் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பெரிய தவளைதானே?"

"ராஜத் தவளை மகாராஜா! அது ஒரு சத்தம் போட்டால் குளமே..." என்று ஆரம்பித்தார் ஆவுடைநாயகம். மருதப்பர் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "ஓய், மறுபடியுமா?"

ஆடாதோடையும் திப்பிலியும் போட்ட கஷாயம் வேலை செய்தது. கட்டியிருந்த கபம் கரைந்தது, காய்ச்சல் விட்டது. ராஜா எழுந்து சபைக்கு வந்ததும் மருதப்பருக்குத் தலையும் தப்பியது, நன்செய் நிலமும் கிடைத்தது. காய்ச்சலைக் காய்ச்சல் என்றே சொல்லலாம் என்று உத்தரவும் போட்டார். பிறகு ஆவுடைநாயகத்தைக் கூப்பிட்டார்.

"என்னைக் காப்பாற்றியதற்கு உமக்குப் பரிசு தரவேண்டும். என்னைச் சாகடிக்கப் பார்த்ததற்குத் தண்டனையும் தரவேண்டும். இந்தாரும்."

தங்கக் கிண்ணம். விளிம்பு வரை அதே கஷாயம்.

"கிண்ணம் பரிசு. உள்ளே இருப்பது தண்டனை. குடியும்."

ஆவுடைநாயகம் ஒரே மடக்கில் குடித்தார். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. காது வரைக்கும் கசந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் ராஜா.

"தேன், மகாராஜா! தேவாமிர்தம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வைத்தியரே, இவருக்கு இன்னும் குணமாகவில்லை. இன்னொரு கிண்ணம் ஊற்றும்!"