கூப்பிடக் கூடாத பெயர்

கோர்ட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நீதிபதியைவிட டவாலியின் குரல்தான் பெரிது. வராந்தாவில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மரத்தடியில் வெற்றிலை போடுகிறவன்கூட எழுந்து ஓடி வருவான். தாமிரபரணிக் கரைக் கோர்ட்டு ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக அப்படிக் கூப்பிட்டுவந்த சவரிமுத்து, ஒரு திங்கட்கிழமை பெயரைச் சொல்ல முடியாமல் தவித்தார். கூப்பிட வேண்டியது ரஞ்சிதமணி அக்காவை.

அக்கா அந்த ஊர் டெலிபோன் ஆபீசில் லைன் போட்டுக் கொடுத்தவர். யார் யாரிடம் பேசினார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவர் காதுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. சவரிமுத்துவே ஒருமுறை தன் அண்ணனிடம் போனில் விம்மி விம்மி அழுதிருக்கிறார். மறுநாள் சந்தையில் பார்த்த அக்கா, "கத்திரிக்கா பிஞ்சா இருக்கு, வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான். அந்தப் பாசம் சவரிமுத்துவுக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது அக்காவுக்கு எழுபத்து நாலு. தனிக்கட்டை. கிழமை மறக்கிறது, அடுப்பை அணைக்க மறக்கிறது. அவரால் சொந்தமாக முடிவெடுக்க முடியாது, என்னைப் பொறுப்பாளராகப் போட்டால் வெளியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று அக்காவின் அண்ணன் மகன் தேவராஜன் மனுப் போட்டுவிட்டான். கெட்டவன் இல்லை, பயந்தவன். அக்காவுக்கோ தன் வீட்டை விட்டு நகர மனசே இல்லை.

நீதிபதி இளகிய மனசுக்காரர். ஒருவருடைய மறதியை ஊர் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று, கதவை மூடி விசாரிக்கவும், பெயருக்குப் பதில் மனு எண்ணைக் கூப்பிடவும் உத்தரவு போட்டார். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் சுபாஷிணி விடுவாரா? முன்பு இதே கோர்ட்டில் ஒருவரை மூடிய கதவுக்குள் புத்தி பேதலித்தவர் என்று சொல்லிவிட்டார்கள். என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லி வாதாடி, பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, உள்ளே ஒரு நாற்காலி வாங்கிவிட்டார்.

"எழுபத்திரண்டாம் மனு" என்று சவரிமுத்து மூன்று முறை கூவினார். வராந்தாவில் எதிர் பெஞ்சில் இருந்த அக்கா அசையவில்லை. அதுதான் தன் எண் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே தேவராஜனின் வக்கீல் எழுந்து, "தன் வழக்கைக் கூப்பிடுவதுகூடத் தெரியவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றார். நீதிபதி தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தார்.

கதவோரம் நின்ற சவரிமுத்து இதைக் கேட்டார். உத்தரவாவது ஒன்றாவது என்று, வராந்தா அதிர ரஞ்சிதமணியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

"இங்கனதான இருக்கேன். அப்ப இருந்து நம்பரையே கூப்பிடுத, பேரச் சொன்னா வாயா வலிக்கி?" என்று அக்கா எழுந்தார்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. "டெலிபோன் அம்மாவா? அவங்களுக்கா புத்தி சரியில்ல?" என்றது ஒரு குரல். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

கிழமையைத் தப்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கே இருக்க ஆசை, ஏன், தவறி விழுந்தால் யாரைக் கூப்பிடுவார் என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார். மனு தள்ளுபடி. சுபாஷிணி கேள்வி பதில்களை ஒன்றுவிடாமல் எழுதினார், பெயரைத் தவிர. சவரிமுத்துவுக்கு மெமோ வந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெயரை மறைத்த நீதிபதியா, ஊர் சார்பில் உள்ளே போய் உட்கார்ந்த நிருபரா, உத்தரவை மீறிக் கூவிய டவாலியா? இதில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் நல்லவர்கள், மூவரும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள். அக்காவால் முடிவெடுக்க முடியுமா என்பதுதான் வழக்கே. பெயரை மறைக்கலாமா, யார் உள்ளே உட்காரலாம் என்பதை ஆளாளுக்கு முடிவுசெய்தார்களே தவிர, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவரிமுத்துவும் பத்தடி நடந்துபோய்க் காதோடு கேட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்தான் அவருக்கு இது உறைத்தது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய அக்கா?"

"பேரச் சொல்லியே கூப்பிடுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் ரஞ்சிதமணி. "ஆனா அத நான்லா சொல்லியிருக்கணும்."