ஆற்றில் நின்ற எருமை

“எருமையண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி நில்லுங்க! தண்ணி வாலைப் பிடிச்சு இழுக்குது!”

அணில் கத்தியதும் எருமை இரண்டடி நகர்ந்தது. சீறி வந்த காட்டாறு அதன் நெஞ்சில் மோதிப் பிளந்தது. அதன் பின்பக்கம் நீர் அடங்கியது. முதுகில் இலந்தைப்பழப் பொதியோடு அணில் கல் கல்லாகத் தாவி அக்கரை சேர்ந்தது. அங்கிருந்த தட்டைக் கல்லின்மேல் ஒரு புல்லை வைத்தது. ஆற்றைக் கடக்கிற எல்லோரும் எருமைக்கு ஆளுக்கொரு பிடி புல் வரி செலுத்துவார்கள்.

“ஒரே ஒரு புல்லா!” என்றது எருமை.

“என் உடம்புக்கு அது ஒரு கட்டுண்ணே!”

அக்கரையில்தான் சந்தை. எருமை அங்கே போனதில்லை. அதன் முகம் எப்போதும் வெள்ளம் வரும் திசையில் இருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் அதன் வாலை மட்டுமே அறிந்திருந்தார்கள்.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்து அழுதது. “என் கிழங்கை யாரும் சீந்தறதில்லை. எல்லாரும் அணில்கிட்டேயே போறாங்க. நீங்க வந்து ஒரு நியாயம் சொல்லணும்!”

எருமை கரையேறியது. சந்தையே எழுந்து நின்றது. முதன்முறையாக எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள். எருமைக்கு அது பிடித்திருந்தது.

“இனி ஒரு பழம் வாங்கினால் ஒரு கிழங்கும் வாங்க வேண்டும்!” என்றது.

“கிழங்கு கசக்குதுண்ணே, அதான் வாங்க மாட்டேங்கறாங்க,” என்றது அணில். “பழத்தை நான் பாத்துக்கறேன். ஆத்தை நீங்க பாத்துக்குங்க.”

“வாயைப் பாரு, உடம்பை விட நீளம்!” என்றது முள்ளம்பன்றி. சந்தை சிரித்தது. எருமையும் சிரித்தது.

வாங்கிய கிழங்கை எல்லோரும் புதருக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் முயல் வந்தது. குரங்கின் கடைக்கு நிழல் அதிகமாம், பாதியை வெட்டித் தர வேண்டுமாம். அதற்குப் பிறகு எருமைக்கு ஆற்றுப்பக்கம் போக நேரமில்லை. அந்த நாட்களில் ஆறும் தணிந்துதான் ஓடியது.

மூன்றாம் நாள் மாலை மேற்கு மலைமேல் மேகம் கறுத்தது. அணில் பொதியைக் கட்டிக்கொண்டது.

“குட்டிங்க தனியா இருக்கு. வாங்கண்ணே, போகலாம்.”

“நீ முன்னாலே போ தங்கச்சி. இந்த நிழல் வழக்கை முடிச்சிட்டு வந்துடறேன்.”

அணில் கரையில் வெகுநேரம் காத்திருந்தது. ஆற்றுக்கு அப்பால் குட்டிகள் கத்தத் தொடங்கின. அணில் முதல் கல்லுக்குத் தாவியது.

வெள்ளத்தின் இரைச்சல் கேட்டு எருமை ஓடிவந்தபோது கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. செந்நீர்ச் சுழலில் ஓர் இலைப்பொதி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எருமை உள்ளே இறங்கியது. தன் இடத்தில் போய் நெஞ்சைக் கொடுத்து நின்றது. அதன் பின்னால் நீர் அடங்கியது. கடக்க யாரும் இல்லை.

இலந்தை மரத்தில் மூன்று குட்டிகளும் இருட்டும்வரை கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை எருமை ஆற்றில் நின்றது. எல்லோரும் அதன் பின்னால் கடந்தார்கள். முள்ளம்பன்றி கடைசியாக வந்தது. தட்டைக் கல்லின்மேல் தன் பிடிப் புல்லை வைத்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு புல்லை வைத்துவிட்டுச் சந்தைக்கு நடந்தது.

வெள்ளத்தைத் தாங்கி நிற்பதே ஆள்பவரின் வேலை. அதை விட்டுவிட்டு அவர் சந்தையை நடத்தப் போனால், வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போவது சின்ன உயிரைத்தான்.